ஆத்தாவின் நீர்க்கடுப்பும் கிருமியின் ஆயுதங்களும்

கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் ஆத்தாவுக்கு 66 வயது, பல வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. போன ஒன்றரை வருஷத்தில் ஏழு தடவை யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ஆன்டிபயாடிக் எடுத்தாயிற்று. அதில் மூன்று தடவை ஆத்தாவுக்கு எரிச்சலோ காய்ச்சலோ எதுவுமே இல்லை. சர்க்கரைப் பரிசோதனையோடு சேர்த்துப் பார்த்த யூரினில் கிருமி இருக்கிறது என்று மருந்து கொடுத்தார்கள். கடைசியாக எடுத்த கல்ச்சரில் ‘ஈ.கோலை, இ.எஸ்.பி.எல். வகை’ என்று வந்திருக்கிறது. நிறைய மருந்துகளுக்கு நேராக ‘கேட்காது’ என்று போட்டிருக்கிறது.

என் மகள் காரைக்குடியில் பயோடெக்னாலஜி படிக்கிறாள். “ஆயா, கிருமியைக் கொல்லக் கொல்லத்தான் அது மருந்துக்குப் பழகிப்போகுது. அதோட ஆயுதத்தைப் புடுங்கிட்டா போதும், அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்” என்கிறாள். மஞ்சளுக்கு அந்தச் சக்தி இருப்பதாகக் காரைக்குடியிலேயே ஆராய்ச்சி செய்திருக்கிறார்களாம். டி-மேனோஸ் என்று ஒரு பவுடரும் ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கிறாள். ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு இவற்றைக் கொடுக்கலாமா? ஆத்தா தண்ணீரும் சரியாகக் குடிப்பதில்லை. பாத்ரூம் பின்கட்டில் இருப்பதால் ராத்திரி எழுந்து போகப் பயப்படுகிறார்கள்.

— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள ஆச்சி,

கேட்டதற்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எரிச்சல், அடிக்கடி முட்டிக்கொண்டு வருவது, காய்ச்சல் என்று தொந்தரவு இருக்கும்போது ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு மஞ்சளையும் பவுடரையும் நம்பி இருக்கக் கூடாது. ஆனால் தொந்தரவே இல்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் கிருமி வந்த அந்த மூன்று தடவையும் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கே தேவைப்பட்டிருக்காது. இரண்டும் முரணாகத் தெரியலாம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கிருமி இருப்பது வேறு, கிருமி கெடுதல் செய்வது வேறு. உங்கள் மகள் சொல்வதன் அடிப்படையும் இதுதான். அவள் சரியான பாதையைத்தான் பிடித்திருக்கிறாள், அந்தப் பாதை இன்னும் உங்கள் வீட்டு வாசல் வரை வந்து சேரவில்லை.

நான் லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கிற டாக்டர். கல்ச்சர் ரிப்போர்ட்டில் நாங்கள் சொல்வது இரண்டே விஷயம்: என்ன கிருமி வளர்ந்தது, எந்த மருந்து அதைக் கொல்லும் அல்லது வளரவிடாமல் தடுக்கும். அந்தக் கிருமி உங்கள் ஆத்தாவின் உடம்பில் சண்டை போடுகிறதா, சும்மா குடியிருக்கிறதா என்பதைத் தட்டில் வளர்ந்த புள்ளிகளைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதை நோயாளியிடம்தான் கேட்க வேண்டும்.

ஈ.கோலை நம் எல்லோருடைய குடலிலும் இருக்கிறது. உங்களிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. அங்கே இருக்கும்வரை தொல்லை கிடையாது. சிறுநீர்ப் பாதைக்கு ஏறிப்போய் நோய் உண்டாக்குவதற்கு அதற்குச் சில சாமான்கள் வேண்டும். நம் பக்கத்துப் பழைய வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு, கை வழுக்கிக்கொண்டு போகும். சிறுநீர்ப்பையின் உள்சுவரும் எளிதில் எதையும் ஒட்டவிடாது. போதாததற்குச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே இருப்பதெல்லாம் வெள்ளமாக வெளியேறுகிறது. சாதாரணக் கிருமி அந்த வெள்ளத்தோடு போய்விடும். நோய் உண்டாக்கும் ஈ.கோலையின் உடம்பைச் சுற்றி மிக மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இழையின் நுனியில் ஃபிம்-ஹெச் என்றொரு புரதம். சிறுநீர்ப்பைச் செல்களின் மேற்பரப்பில் மேனோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது, அதை இந்தப் புரதம் கவ்விக்கொள்கிறது. சிறுநீர் ஓட்டம் இழுக்கும்போது அந்தப் பிடி தளர்வதற்குப் பதிலாக இறுகுகிறது, இழுக்க இழுக்க இறுகும் சுருக்குக் கயிறு மாதிரி. எத்தனை வருஷம் படித்தாலும் இந்த ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியம் குறையாமல் இருக்கிறது.

பிடித்துக்கொண்ட பிறகு செல்லுக்குள்ளே புகுந்து மறைந்துகொள்வது, நம் உடம்பின் இரும்புச் சத்தைப் பிடுங்குவது, செல்களை உடைக்கும் நச்சைச் சுரப்பது என்று அடுத்தடுத்த வேலைகள் நடக்கும். சிறுநீரகம் வரை ஏறுகிற வகைக்கு வேறொரு இழையும் உண்டு. இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கிருமியின் வீரியக் காரணிகள் என்கிறோம். உங்கள் மகள் ‘ஆயுதம்’ என்று சொன்னதே எளிய சொல், இங்கே அதையே வைத்துக்கொள்கிறேன்.

சில ஆயுதங்களைக் கிருமி எப்போதும் வெளியே எடுத்து வைத்திருப்பதில்லை. ஆள் சேர்ந்ததும்தான் எடுக்கும். கோவில் காரியம் என்றால் நகரத்தார் வழக்கத்தில் முதலில் புள்ளிக் கணக்கு, அதாவது எத்தனை குடும்பம் என்ற கணக்கு, எடுப்பீர்கள் இல்லையா? எத்தனை புள்ளி என்று தெரிந்தால்தான் வரி எவ்வளவு, வேலையை எந்த அளவில் எடுப்பது என்று பேச முடியும். கிருமிகளும் ஏறக்குறைய அப்படித்தான் கணக்கு எடுக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிறு வேதிப்பொருளைக் கசியவிடும். கூட்டம் பெருகப் பெருக அந்தப் பொருளின் அடர்த்தி ஏறும். ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாக் கிருமிகளும் ஒரே நேரத்தில் நச்சைச் சுரக்கவோ, பிசினுக்குள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு படலம் கட்டவோ தொடங்கும். கடலில் ஒளிவிடும் ஒருவகைப் பாக்டீரியாவிடம் 1970இல் இந்தப் பழக்கத்தைக் கண்டார்கள்: நெருக்கமாகக் கூடினால்தான் அவை ஒளிரும். அந்தக் கணக்கைக் கெடுத்துவிட்டால், கூட்டமே இருந்தாலும் ‘நாம் கொஞ்சம் பேர்தான்’ என்று ஒவ்வொன்றும் சும்மா இருந்துவிடும் என்பதுதான் இந்தத் துறையின் நம்பிக்கைகளில் ஒன்று.

மஞ்சள் ஆராய்ச்சி இந்த இடத்தில்தான் வருகிறது. உங்கள் மகள் சொன்னது உண்மை. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறையினர், மஞ்சளில் உள்ள குர்குமின் சிறுநீர்ப் பாதைக் கிருமிகளின் இந்தக் கூட்டுக் கணக்கைக் குலைக்கிறது, படலம் கட்டுவதைக் குறைக்கிறது என்று 2014இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஈ.கோலையும் அதில் ஒன்று. சீரகத்தை வைத்தும் அங்கே வேலை நடந்திருக்கிறது. நம் ஊரில் நடந்த நல்ல ஆராய்ச்சி, பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அது ஆய்வுக்கூடத் தட்டில், கிருமியின் மேல் நேரடியாகக் குர்குமின் பட்டபோது கிடைத்த முடிவு. வாய்வழியாகச் சாப்பிடும் மஞ்சளில் மிகக் கொஞ்சம்தான் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகிறது. போனதையும் கல்லீரல் சீக்கிரமே வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. தட்டில் இருந்த அளவு குர்குமின் ஆத்தாவின் சிறுநீர்ப்பைக்குள் போய்ச் சேராது. குழம்பில் போடுகிற மஞ்சளும் பாலில் போடுகிற மஞ்சளும் இருக்கட்டும். மிளகுச் சத்துச் சேர்த்து, அதிகமாக உறிஞ்சப்படும் என்று விற்கிற குர்குமின் மாத்திரைகள் மட்டும் வேண்டாம். அவற்றால் கல்லீரல் கெட்டுப்போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

‘கொல்லாமல் ஆயுதத்தைப் பிடுங்குவது’ என்பதைக் கேட்டால் புதிதாக இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் எல்லோருமே அதை ஒருமுறையாவது பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஆணி குத்திவிட்டால் ஓடிப்போய்ப் போட்டுக்கொள்கிற டி.டி. ஊசியை நினைத்துப் பாருங்கள். அது இரண ஜன்னிக் கிருமியைக் கொல்லாது. அந்தக் கிருமி சுரக்கும் நச்சை அடையாளம் கண்டு செயலிழக்க வைக்க உடம்புக்குப் பழக்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியாவுக்கும் இதே கதை. 1890இல் பெர்லினில் பேரிங்கும் கிதசாதோவும், நச்சுக்கு எதிரான சீரத்தைச் செலுத்தினால் விலங்குகள் பிழைப்பதைக் காட்டினார்கள். பெனிசிலின் கண்டுபிடிப்பதற்கு 38 ஆண்டுகளுக்கு முன்பு! மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901இல் பேரிங்குக்குக் கிடைத்தது இதற்காகத்தான். இன்றைக்கும் டிப்தீரியா என்று சந்தேகம் வந்தாலே, ஆன்டிபயாடிக்கோடு நச்சுமுறி சீரமும் தாமதிக்காமல் கொடுக்கச் சொல்கிறோம். கிருமி செத்தாலும் அது ஏற்கெனவே சுரந்த நச்சு இதயத்தைப் பாதிக்கும் என்பதால்.

இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கொல்கத்தாவில் சம்புநாத் தே என்று ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளர் இருந்தார். காலராக் கிருமி குடலைத் தாண்டி இரத்தத்துக்குள் போவதில்லை, அப்படியிருந்தும் ஒரே நாளில் ஆளைச் சக்கையாக வற்ற வைத்துவிடுகிறதே, எப்படி? அவர் முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் கட்டி, கிருமி வளர்ந்த திரவத்தை, கிருமிகளை வடிகட்டி நீக்கிவிட்டு, அதற்குள் செலுத்தினார். உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லாமலேயே குடல் துண்டுக்குள் தண்ணீர் நிரம்பி வீங்கியது. ஆளைக் கொல்வது கிருமி சுரக்கும் நச்சு என்பது நிரூபணமானது. 1959இல் வெளிவந்த அந்தக் கட்டுரைக்கு உரிய மரியாதை அவர் வாழ்ந்த காலத்தில் நம் நாட்டிலேயே கிடைக்கவில்லை. நோபல் பரிசு பெற்ற லெடர்பெர்க் அவரை அந்தப் பரிசுக்குப் பரிந்துரைத்தும் கிடைக்கவில்லை. 1985இல் இறந்துபோனார். உங்கள் மகள் படிக்கிற பாடத்தின் வேர்களில் ஒன்று இந்த மண்ணிலேயே இருக்கிறது என்பதை அவளிடம் சொல்லுங்கள்.

சரி, ஆயுதத்தைப் பிடுங்குவதால் என்ன லாபம்? ஆன்டிபயாடிக் கோடிக்கணக்கான கிருமிகளைக் கொல்லும்போது, தற்செயலாக மருந்தைத் தாங்கும் திறன் வாய்த்த ஒன்றிரண்டு தப்பிக்கும். போட்டிக்கு ஆளில்லாத வயல் முழுக்க அதன் வாரிசுகளுக்கு. பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கே 1945இல் நோபல் உரையில் இந்த ஆபத்தை எச்சரித்தார். 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 12.7 லட்சம் பேர், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளால் நேரடியாக இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் ஆத்தாவின் ரிப்போர்ட்டில் உள்ள இ.எஸ்.பி.எல். அந்தப் பெரிய கதையின் ஒரு சிறு துண்டு. பெனிசிலின் வழி வந்த பல மருந்துகளையும் செஃபலோஸ்போரின் மருந்துகளையும் உடைத்துப்போடும் நொதியை அந்தக் கிருமி தயாரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. தவிர, நாம் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் குடலில் உள்ள நல்ல கிருமிகளையும் சேர்த்தே அடிக்கிறது.

ஆயுதத்தை மட்டும் முடக்கினால் கிருமிக்கு உயிர்ப் போராட்டம் இல்லை. அதனால் எதிர்ப்பு வளர்வதும் மெதுவாகவே இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. குடலின் மற்ற கிருமிகளும் பிழைக்கும். 2017இல் எலிகளுக்கு, ஃபிம்-ஹெச் பிடியை அடைக்கும் மேனோசைடு என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் உண்டாக்கும் ஈ.கோலை குடலிலும் சிறுநீர்ப் பாதையிலும் குறைந்தது, குடலின் மற்றக் குடித்தனக்காரர்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தார்கள். எனக்கு மிகவும் நம்பிக்கை கொடுத்த ஆய்வு அது. ஆனாலும் கிருமி இந்த மருந்துக்கு ஒருபோதும் பழகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கூட்டுக் கணக்கைக் கெடுக்கும் ஒரு பொருளையும் உள்ளே வராமல் வெளியேற்றப் பழகிய கிருமிகளை 2012லேயே ஆய்வுக்கூடத்தில் காட்டிவிட்டார்கள்.

அப்படியானால் மருந்துக் கடையில் ஏன் இன்னும் இல்லை? முதல் சிக்கல், ஆன்டிபயாடிக் மாதிரி பத்துக் கிருமிக்கு ஒரு மருந்து என்று இதில் கிடையாது. ஒவ்வொரு கிருமிக்கும், ஏன் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் தனித்தனி மருந்து வேண்டும். எந்த ஆயுதம் வேலை செய்கிறது என்று சட்டென்று கண்டுபிடிக்கும் பரிசோதனையும் வேண்டும், கல்ச்சர் ரிப்போர்ட் வரவே இரண்டு நாளாகிறதே. ஒரு பிடியை அடைத்தால் இன்னொரு பிடி வைத்திருக்கும் கிருமியும் உண்டு. அப்புறம், ஆயுதம் இழந்த கிருமியை வெளியேற்றும் வேலை உடம்புடையது. சர்க்கரையாலும் வயதாலும் எதிர்ப்புச் சக்தி தளர்ந்தவரிடம் அது எந்த அளவுக்கு நடக்கும் என்பது பெரிய கேள்வி.

வந்த மருந்துகளும் நிலைக்கவில்லை. குடலைப் புண்ணாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் என்ற கிருமியின் நச்சைக் கட்டிப்போட பெஸ்லோடாக்சுமாப் என்ற ஊசிக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுத்தபோது, நோய் திரும்ப வருவது 100 பேரில் சுமார் 27லிருந்து 17ஆகக் குறைந்தது. நல்ல மருந்துதான். 2025 ஜனவரியோடு அதைத் தயாரித்த நிறுவனம் விற்பனையை நிறுத்திவிட்டது. நடைமுறையில் நாங்கள் இன்றும் செய்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும்: தசையை அழுகவைக்கும் கொடிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றில் பெனிசிலினோடு கிளின்டாமைசினையும் சேர்க்கிறோம், அது கிருமியின் நச்சு உற்பத்தியையே குறைக்கும் என்பதற்காக. கவனித்தீர்களா, எல்லா இடத்திலும் ‘சேர்த்து’ என்ற சொல் வருகிறது. இன்றைய தேதிக்கு இந்த முறை ஆன்டிபயாடிக்குக்குத் துணை, மாற்று இல்லை.

இப்போது உங்கள் அலமாரியில் உள்ள பவுடர். டி-மேனோஸின் தத்துவம் அழகானது: சிறுநீரில் மேனோஸ் மிதந்தால் கிருமியின் இழைகள் சுவரை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். நானும் ஒரு காலத்தில் ஆவலாகப் பார்த்திருந்தேன். பிரிட்டனில், அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் 598 பெண்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆறு மாதம் தினமும் 2 கிராம் டி-மேனோஸும் மறு பாதிக்குப் போலிப் பவுடரும் கொடுத்தார்கள். முடிவு 2024இல் வந்தது. பவுடர் சாப்பிட்டவர்களில் 100க்கு 51 பேரும், போலி சாப்பிட்டவர்களில் சுமார் 56 பேரும் மறுபடி தொற்றென்று மருத்துவரிடம் போனார்கள். அந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான். அதனால் வாங்கியதோடு இருக்கட்டும், இனி அதற்குச் செலவு செய்ய வேண்டாம். கிரான்பெர்ரிக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது, அடிக்கடி தொற்று வரும் பெண்களிடம் தொற்று மறுபடி வருவதில் சுமார் கால்பங்கைக் குறைக்கிறது. ஆனால் கடையில் விற்கும் ஜூஸில் இனிப்பு அதிகம், சர்க்கரை உள்ளவருக்கு அது ஆகாது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இனி, தொந்தரவே இல்லாமல் மருந்து எடுத்த அந்த மூன்று தடவை. இதைத்தான் நான் மிக அவசரமான விஷயமாக நினைக்கிறேன்.

ஸ்வீடனில் ஒரு பள்ளிச் சிறுமியின் சிறுநீரில் மூன்று வருஷம் ஈ.கோலை இருந்தது. சிறுமிக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அந்தக் கிருமியை எடுத்து ஆராய்ந்தபோது, ஒட்டிக்கொள்ளும் இழைகளை உண்டாக்கும் மரபணுக்கள் அதில் சிதைந்து போயிருந்தன. ஆயுதமில்லாத கிருமி. பிற்பாடு மருத்துவர்கள் இதே கிருமியை, சிறுநீர் முழுதாக வெளியேறாமல் அடிக்கடி தொற்று வரும் நோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள் வேண்டுமென்றே செலுத்திப் பார்த்தார்கள். அது குடியேறியிருந்த காலத்தில் அவர்களுக்குத் தொற்று குறைந்தது. சாதுவான குடித்தனக்காரர் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் பொல்லாதவருக்கு இடம் இல்லாமல் போனது.

இத்தாலியில் நடந்த இன்னொரு ஆய்வு 2012இல் வெளிவந்தது. அடிக்கடி தொற்று வரும், ஆனால் அந்த நேரத்தில் தொந்தரவு ஏதும் இல்லாமல் சிறுநீரில் கிருமி மட்டும் இருந்த 673 இளம் பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், மற்றதை அப்படியே விட்டார்கள். ஓராண்டு முடிவில், சும்மா விட்டவர்களில் 100க்குச் சுமார் 15 பேருக்குத்தான் நீர்க்கடுப்பு வந்தது. மருந்து எடுத்தவர்களில் 73 பேருக்கு வந்தது. நன்மை செய்வதாக நினைத்துக் காவலாளியைத் துரத்தியிருக்கிறார்கள். அவர்கள் இளம் பெண்கள், உங்கள் ஆத்தாவுக்கு வயது 66 என்பது உண்மைதான். ஆனால் வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் தொந்தரவில்லாமல் கிருமி மட்டும் இருந்தால் மருந்து வேண்டாம் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களும் இதற்கு முக்கியமான விலக்கு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ‘ஈ.கோலை, ஒரு லட்சத்துக்கு மேல்’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தேன். யாருக்கு, எதற்காக இந்தப் பரிசோதனை என்று ஒரு போன் செய்து கேட்டதில்லை. என் ரிப்போர்ட்டால் எத்தனை பேர் தேவையில்லாத மருந்தை விழுங்கினார்களோ என்பது இன்றும் மனதை உறுத்துகிறது. இப்போது கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்: தொந்தரவு இல்லாதபோது ஆத்தாவுக்கு யூரின் கல்ச்சர் எடுக்கவே வேண்டாம் என்று உங்கள் டாக்டரிடம் பணிவாகப் பேசுங்கள். சிறுநீர் நாற்றமடிக்கிறது, கலங்கலாக இருக்கிறது என்பது மட்டும் தொற்றுக்கு அடையாளம் ஆகாது.

தொந்தரவு வந்தால் நிலைமை வேறு. அப்போது மாத்திரையை ஆரம்பிப்பதற்கு முன்பே, நடுவில் வரும் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக் கல்ச்சருக்குக் கொடுங்கள். இ.எஸ்.பி.எல். என்றதும் ஊசி ஒன்றே வழி என்று பயந்துவிடவும் வேண்டாம். சிறுநீர்ப்பையோடு நிற்கிற தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் என்ற வாய்வழி மருந்துகள் பல சமயம் இன்னும் கேட்கின்றன. ரிப்போர்ட்டில் அவற்றுக்கு நேராக என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆத்தாவின் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி, திடீர்க் குழப்பம் அல்லது மயக்கம் என்றால் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அந்த நேரத்தில் நல்ல ஆன்டிபயாடிக் உயிரைக் காப்பாற்றும்.

வராமல் தடுக்க என்ன செய்யலாம்? ஆத்தாவின் வயதில் உள்ள பெண்களுக்குச் சொல்லக் கூச்சப்பட்டு விடுபட்டுப் போகிற ஒரு வழி இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பில் காவல் இருக்கும் லாக்டோபேசில்லஸ் கிருமிகள் குறைந்து, அந்த இடத்தை ஈ.கோலை பிடித்துக்கொள்ளும். அங்கே தடவும் எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை க்ரீம் அந்தக் காவலைத் திரும்பக் கொண்டுவருகிறது. 1993இல் வெளிவந்த ஆய்வில் க்ரீம் தடவிய பெண்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.5 தடவையும், தடவாதவர்களுக்கு 5.9 தடவையும் தொற்று வந்தது. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை மருத்துவத்தில் அடிக்கடி பார்க்க முடியாது. மகப்பேறு டாக்டரிடம் ஒருமுறை கூட்டிப்போய் இதைக் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். கூடவே ஒரு ஸ்கேனில், சிறுநீர் கழித்த பிறகும் பைக்குள் மீதி தங்குகிறதா, கல் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் பாருங்கள்.

கடைசியாகத் தண்ணீர். நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதிய வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு தாண்டிப் பின்கட்டு வரை இருட்டில் நடப்பதற்குப் பயந்து, மாலை ஐந்து மணிக்கே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் ஆச்சிமார் பலரை நான் பார்த்திருக்கிறேன். ராத்திரி முழுக்க அடக்கிவைத்தால் சிறுநீர்ப்பைக்குள் கிருமிக்குப் பெருகவும் பிடித்துக்கொள்ளவும் எட்டு மணி நேரம் கிடைத்துவிடுகிறது. வழக்கமாகக் குறைவாகத் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி தொற்று வரும் 140 பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 தடவையும், மற்றவர்களுக்கு 3.2 தடவையும் நீர்க்கடுப்பு வந்தது. அவர்களும் ஆத்தாவைவிட இளையவர்கள்தான், ஆனாலும் இதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. இதயமோ சிறுநீரகமோ பலவீனம் என்று டாக்டர் தண்ணீரை அளந்து கொடுக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அவரைக் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள். காலையிலிருந்து மாலைக்குள் பெரும்பங்கைக் குடித்துவிட்டால் ராத்திரித் தொல்லையும் குறையும்.

ஆத்தா படுக்கிற அறையிலேயே வைத்துக்கொள்ள, கைப்பிடியோடு வரும் கமோடு நாற்காலி சர்ஜிகல் கடைகளில் கிடைக்கிறது. அதைக் குர்குமின் மாத்திரைக்கும் மேனோஸ் பவுடருக்கும் வைத்திருந்த காசில் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். கட்டிலிலிருந்து அதுவரை தரையோரம் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையென்றால் ஈரம் பட்டதும் வழுக்கும், நாற்காலிக்குக் கீழே வழுக்காத ரப்பர் விரிப்புப் போடுங்கள். “என் அறையிலேயா?” என்று ஆத்தா முகம் சுளிப்பார்கள். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்று நினைக்கிறேன், கிருமியின் கதையை அவ்வளவு நன்றாகச் சொல்கிற பிள்ளை அவள்.